ஸ்பீக்கர் ஒயரின் மேல் போட்ட கம்பி

ஆம்பூர்
8.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தண்ணீர் பிடிக்கப் போகும்போது உன் வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். ரேடியோ இல்லை. கொடியில் துணியும் இல்லை என்பதை அப்புறம்தான் பார்த்தேன். மறுநாள், நம் கடிதங்களைக் கொண்டுவந்து கொடுக்கும் ஜாஸ்மின் அக்காவிடம் கேட்டேன். கேட்பதற்குள் எனக்கு எப்படி வேர்த்திருக்கும் என்று உனக்குத் தெரியும். நீங்கள் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னாள். மாமாவின் ஷூ கம்பெனிக்கு அது பக்கமாம்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். உன் ரேடியோவில் நீ கேட்கிறாய் என்று நினைத்துக்கொண்டு தினமும் மத்தியானம் நூல் கூடைக்குள் மைக்கை வைத்து, சுவிட்சைப் போட்டு வந்தேன். அம்மா ஷூவின் மேல்தோல் அப்பர் தைத்துக்கொண்டே எதிர்வீட்டு பேகம்மாவிடம் பேசியதெல்லாம் யாருக்கும் கேட்காமல் போயிருக்கிறது.

நீ பாலிடெக்னிக்கில் செய்த டிரான்ஸ்மிட்டர் இரண்டு தெருவுக்குமேல் எட்டாது என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதை லைனுக்கு அந்தப் பக்கம் எட்ட வைக்க என்ன செய்ய வேண்டும்? எழுதி ஜாஸ்மின் அக்காவிடம் கொடுத்தனுப்பு. அம்மாவின் போனில் யார் பேசினார்கள் என்று அப்பா இன்னமும் தினம் பார்க்கிறார்.

அம்மாவுக்கு விரல் நுனி வெடித்திருக்கிறது. மற்றபடி சுகம். நீ மாசமாக இருப்பதை ஜாஸ்மின் அக்கா சொல்லித் தெரிந்துகொண்டேன். அதையும் நீ சொல்லவில்லை.

உன் தங்கை
தமிழினி


12.7.2025

என் தமிழுக்கு,

கோபப்படாதே. வீடு மாறும்போது சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். இனிமேல் எட்டாது என்று சொல்ல மனம் வரவில்லை. புது வீட்டில் முதல் நாள் ரேடியோவைப் போட்டுப் பார்த்தேன். வெறும் இரைச்சல். அதையே கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். இவர் வந்து, "இன்னா, மழை பெய்யுதா?" என்று கிண்டல் செய்தார்.

எட்ட வைக்கலாம். அங்கே நம் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் என் பன்னிரண்டு வோல்ட் பாட்டரி இருக்கிறது. ஒன்பது வோல்ட்டை எடுத்துவிட்டு அதைக் கொடு. கரண்ட் அடாப்டர் வேண்டாம், உறுமும். டிரான்சிஸ்டர் சூடாகும், அதன் முதுகில் ஓர் அலுமினியத் தகட்டைத் திருகிவிடு. எர்த் கம்பியை போர்வெல் குழாயின் இரும்பில் சுரண்டிவிட்டுச் சுற்று. இதைச் செய்தாலே பாதி தூரம் கூடும். மீதி ஏரியலில் இருக்கிறது. எவ்வளவு நீளமாக, எவ்வளவு உயரமாகக் கட்ட முடியுமோ அவ்வளவு நல்லது. கட்டிய பிறகு காயிலில் முனையை மாற்றி மாற்றி வைத்துப் பார். ஓரிடத்தில் சத்தம் நன்றாக எழும்பும். லைசென்ஸ் இல்லாமல் செய்கிற வேலை இது, மத்தியானம் கொஞ்ச நேரம் மட்டும் போடு.

உன் படிப்பு என்னால்தான் நின்றது. நான் இவரைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டு வந்த மறுவாரமே அப்பா உன்னைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் நிறுத்திவிட்டார். நீ அதை ஒரு தடவைகூட எனக்கு எழுதவில்லை. நானும் அதைப் பற்றிப் பேசாமல் உன்னிடம் வேலை மட்டும் வாங்குகிறேன்.

ஏழாம் மாதம் வளையல் போட்டு அம்மா வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று என் மாமியார் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அம்மா வாயிலிருந்து என்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை வரட்டும், தமிழு. அப்பா வாசலில் நிற்க வைத்தாலும் பரவாயில்லை, நானே வந்துவிடுவேன்.

அன்புடன்
அம்பிகா


30.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாம் செய்துவிட்டேன். தகடாக அம்மாவின் பழைய பவுடர் டப்பாவை வெட்டிப் போட்டேன். நேற்று ஜாஸ்மின் அக்கா ஒரு ரேடியோவை எடுத்துக்கொண்டு லைனைத் தாண்டி உங்கள் தெருமுனை வரை நடந்து பார்த்தாள். அம்மா பேகம்மாவிடம், "இந்த வாட்டி தோலு கல்லாட்டம் கீது" என்று சொன்னது அப்படியே கேட்டதாம். சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

ஏரியலுக்குத்தான் பேஜாராகப் போய்விட்டது. எதிரே பேகம்மா வீட்டு மாடிக்கு இழுத்துக் கட்டினால் நல்ல உயரம். அதற்கு அவர்களிடம் கேட்க வேண்டும். இரண்டு முறை அவர்கள் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். நல்ல வேளையாக ஆடித் திருவிழாவுக்காக ஒலிபெருக்கிக்கார சம்பத் அண்ணன் கோயிலிலிருந்து தெருக்கோடி வரை குழாய் ஸ்பீக்கருக்கு ஒயர் இழுத்திருக்கிறார். அது நம் வீட்டுக்கு மேலாகப் போகிறது. என் கம்பியை அதன் மேலேயே சுற்றிக்கொண்டு போய்விட்டேன். யாரையும் கேட்க வேண்டியதில்லை, வெளியிலும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை எல்லோரும் கோயிலில் இருப்பார்கள். சனிக்கிழமை தைத்ததை எடுக்கக் கம்பெனி வண்டி வருகிறது என்று அம்மா மட்டும் வீட்டிலிருந்து தைக்கப் போகிறாள். பேகம்மாவும் வருவார்கள். வெள்ளிக்கிழமை மறக்காமல் ரேடியோவைப் போடு.

உன் தங்கை
தமிழினி


2.8.2025

தமிழினிக்கு,

கேட்டேன். ஆஸ்பத்திரியில் கூட்டம் ஜாஸ்தி, வீட்டுக்கு வர நேரமாகிவிட்டது. வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ரேடியோவைப் போட்டேன். நீ சொன்ன மாதிரியே பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்டது.

"எனக்கு ஒரே பொண்ணு. அது தோ நிக்குது."

இவ்வளவுதான் கேட்டது. போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்பிகா


3.8.2025

அக்கா,

நீ கேட்டது கடைசியில் சொன்னது. அதற்கு முன்னால் நடந்ததை எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் சுவிட்சைப் போட்டேன். அம்மாவும் பேகம்மாவும் தைத்துக்கொண்டிருந்தார்கள். பேகம்மா, "பெரியவளுக்கு எத்தினி மாசம், பாக்கியம்?" என்று கேட்டார்கள். நம் வீட்டில் உன் பேச்சை எடுக்கிற தைரியம் அவர்களுக்கு மட்டும்தான் உண்டு. அம்மா பதில் சொல்ல மாட்டாள் என்று நினைத்தேன். சொன்னாள்.

"ஏழு பொறக்கப் போவுது. ஆயிரம் பேரு ஆயிரம் சொல்லட்டும், பேகம். நானே போயி வளையல் போட்டு இட்டுனு வந்துடுவேன். இவரு கால்ல வுழுந்தாவது ஒத்துக்க வெச்சிடுவேன். புள்ள பெத்துக்கறதுக்கு எங்கூட்டுக்கு வராம அவ எங்க போவா?"

நீ கேட்டுக்கொண்டிருப்பாய் என்று எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

அதே நேரம் கோயிலில் பூசைக்காகச் சம்பத் அண்ணன் பாட்டை நிறுத்தியிருக்கிறார். ஆம்ப்ளிபயரை நிறுத்தவில்லை. என் கம்பி அவருடைய ஒயர் மேலேயே ஓடியதால் அதில் போனதெல்லாம் அவருடைய பெட்டிக்குள் ஏறிவிட்டது. தெரு முழுக்க எல்லாக் குழாயிலும் அம்மா பேசியிருக்கிறாள். நம் வீட்டுக்குக் கிட்டே குழாய் இல்லை, கதவையும் சாத்தியிருந்தோம், எங்களுக்குக் கேட்கவில்லை. முதலில் ஒருத்தரும் குரலை அடையாளம் காணவில்லையாம். "யம்மா, ஆத்தா பேசறா!" என்று ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாளாம். பக்கத்தில் இருந்தவள், "ஆத்தாளுக்கு ஏதுடி பேகம்? இது நம்ம பாக்கியம்!" என்றதும் கோயிலே சிரித்திருக்கிறது. அப்பாவும் பெரியப்பாவும் அங்கேதான் நின்றிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பெரியப்பா, "இன்னாம்மா, கால்ல வுழுவப் போறியாமே? வுழு, நாங்களும் பாக்கறோம்" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. தான் பேசியது இவர்களுக்கு எப்படித் தெரியும் என்று அம்மாவுக்குப் புரியவே இல்லை. அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகுதான் நீ கேட்டதைச் சொன்னாள். நான் சுவிட்சை நிறுத்த மறந்து நின்றிருந்தேன்.

எல்லோரும் போன பிறகு சம்பத் அண்ணன் என் கம்பியைச் சுருட்டிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். அப்பா காதில் விழாமல், "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா தனியா ஒரு மூங்கில் நட்டுக் குடுத்திருப்பேனே, பாப்பா" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

நூல் கூடையில் மைக்கை அம்மா பார்த்துவிட்டாள். நானே எல்லாவற்றையும் சொன்னேன். அடிக்கவில்லை. டிரான்ஸ்மிட்டர் பெட்டியை எடுத்துத் தோல் துண்டு மூட்டைக்குள் ஒளித்து வைத்துவிட்டு, "நான் பேசனது அவளுக்குக் கேட்டுச்சா?" என்றாள். கேட்டிருக்கும்மா என்றேன். அப்போது உன் கடிதம் வரவில்லை. "அப்போ சரி. அவங்க முன்னாடி நான் வேற இன்னா சொல்றது? மொதல்ல சொன்னத கேட்டிருந்தா அவளுக்குப் புரியும். வந்துடுவா" என்றாள்.

வந்துவிடு அக்கா.

தமிழினி


9.8.2025

அன்புத் தங்கைக்கு,

நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். சின்ன வயதில் அப்பா என்னை அடித்தால், அம்மா சாப்பிடாமல் அழுகிறாள் என்று வந்து சொல்வாய். எட்டிப் பார்த்தால் அம்மா சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். நீ பொய்க்காரி இல்லை. யாரும் வருத்தப்படுவது உனக்குத் தாங்காது, அவ்வளவுதான்.

தெருவே கேட்டது என்கிறாய். ஜாஸ்மினைக் கேட்டேன். அவள் அன்றைக்குக் கம்பெனியில் ஓவர்டைம். நான் என் காதால் கேட்டது ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. நல்ல வார்த்தை ஒன்று வந்தால் வருகிறேன் என்று சொன்னவள், அதைக் கேட்ட பிறகு எந்த முகத்தோடு வருவேன்? மாமியாரே வளையல் போட்டு, இங்கேயே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். ரேடியோவைப் பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் கொடுத்துவிட்டேன்.

கொஞ்ச நாளைக்கு எழுத வேண்டாம். ஜாஸ்மினுக்கும் தொந்தரவு.

அம்பிகா


7.9.2025

அக்கா,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்று மட்டும்.

அம்மா இப்போது தைக்கும்போது பேசுவதில்லை. பேகம்மா ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறாள். ஆனால் சாயங்காலமானதும் வாசலுக்கு வந்து நிற்கிறாள். ஏனென்று கேட்டால் காற்றுக்கு நிற்கிறேன் என்கிறாள். நீ கேட்டுவிட்டாய், அதனால் வருவாய் என்று என் பேச்சை நம்பி நிற்கிறாள். போன வாரம் அப்பாவே, "எதுக்கு இங்க நிக்கற?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரும் கொஞ்ச நேரம் நின்றார்.

உனக்கு வளையல் போட்டு முடிந்துவிட்டது என்று ஜாஸ்மின் அக்கா நேற்றுச் சொன்னாள்.

இன்று மத்தியானம் பேகம்மா எழுந்து தங்கள் வீட்டுக்குப் போனதும், அம்மா எதிரில் போய் உட்கார்ந்தேன். தைத்துக்கொண்டிருந்த ஷூவை அவள் மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டு, உனக்குக் கேட்டது எது என்று சொல்லிவிட்டேன்.

தமிழினி