ஓடுகிற வலிக்குப் போட்ட சூடு

என் உயிரான பாப்பம்மா அக்காவுக்கு,

உனக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது. இதை யாரிடம் சொல்வதென்று தெரியாமல் உனக்கே எழுதுகிறேன். பயமாக இருக்கிறது அக்கா.

காலையில் எழுந்தால் தூங்கின மாதிரியே இல்லை. பிடரியில் தொடங்கி, தோள், இடுப்பு, முழங்கால் என்று வலி அதன் இஷ்டத்துக்குத் திரிகிறது. என் மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டால் பல்லைக் கடித்துக்கொள்கிறேன். வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, அடுத்தவருக்குக் காட்ட ஒரு கீறல்கூட இல்லை. வளையல் போடுகிறவர் கையை அழுத்தினதற்கே நீ அழுதாயே, அன்றைக்கு "அக்கா நடிக்குது" என்று சொல்லிச் சிரித்தவள் நான்தான். உனக்கு நினைவிருக்கிறதா?

நம் பக்கத்தில் வலிக்குக் கம்பியைக் காய்ச்சிச் சூடு போடுவது புதிதில்லை. ஆனால் உன் வலி ஒரு இடத்தில் நிற்கவில்லை. "இது ஓடுற வலி. போற எடத்துல மறிச்சுப் போட்டாத்தான் அடங்கும்" என்றார் அப்பா. தோளில் போட்டோம், இடுப்புக்குப் போனது. முழங்காலில் போட்டோம், மறுபடி தோளுக்கு வந்தது. கட்டவிழ்த்த மாட்டை மடக்குகிற மாதிரி உன் உடம்பெல்லாம் அதைத் துரத்தினோம். தளியிலிருந்து வரும் அந்தக் கன்னடக்காரர் கம்பியை நெருப்பிலிருந்து எடுக்கும்போதெல்லாம் "ஹெதரபேடம்மா" என்பார், பயப்படாதே என்று. கெட்ட மனுஷர் இல்லை. அம்மா உன் தலையைப் பிடித்துக்கொண்டாள். காலை நான் பிடித்தேன்.

இடுப்பில் போட்ட கடைசிச் சூடு ஆறவே இல்லை. சீழ் வைத்தது, குளிர்காய்ச்சல் வந்தது, நீ போய்விட்டாய். "வலி தின்னுட்டுதே எம் பொண்ண" என்று அம்மா அழுதாள். ஊரும் அதையே சொன்னது. இத்தனை வருஷமாக நானும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அதனால் என் பிடரியில் வலி வந்த அன்றைக்கே, என் மகளுக்கு யார் தலை பின்னிவிடுவார்கள் என்ற யோசனைதான் முதலில் வந்தது.

சந்தைக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா, மதராஸ் பக்கத்துப் பேச்சு. கட்டைவிரலால் தோளிலும் இடுப்பிலும் அழுத்திப் பார்த்தார். அழுத்தின இடத்திலெல்லாம் கத்தினேன். "எலும்புல கோளாறு இல்ல, ரத்தத்துலயும் ஒண்ணும் இல்ல. ஆனா உன் வலி நிஜம்மா" என்றார். நிஜம் என்று ஒருவர் சொன்னதற்கே எனக்கு அழுகை வந்துவிட்டது. உனக்கு யாராவது அந்த ஒரு வார்த்தையைச் சொன்னார்களா அக்கா?

"நான் எப்ப சாவேன்?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. உன் கதையைச் சொன்னேன். "இந்த வலி ஆளைக் கொல்லாது. உங்க அக்கா வலியில சாகல, புண்ணுல செத்தாங்க" என்றார்.

எனக்குச் சாவு இல்லை என்று சந்தோஷப்படுவதா? பஸ்ஸில் திரும்பி வரும்போது என் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்து வைத்துக்கொண்டேன்.

மாத்திரையைவிட அவர் சொன்ன வழக்கங்கள்தான் அதிகம். இருட்டினதும் படுத்துவிடு, எழுவதும் ஒரே நேரத்தில் எழு. வேலையை ஒரே மூச்சில் செய்யாதே, வலிக்கிறதென்று படுத்தே கிடக்காதே. வெந்நீரில் குளி. தினமும் நட, கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டு. அப்படியே செய்கிறேன். ராகியைக் காலையில் பாதி, பொழுது சாய்வதற்குள் பாதி என்று அரைக்கிறேன். பெரிய குடத்தை விட்டுவிட்டுச் சின்னக் குடத்தில் இரண்டு நடை தண்ணீர் எடுக்கிறேன். "மகாராணி சொம்புல தண்ணி கொண்டாரா" என்று என் மாமியார் கேலி பேசுகிறார். வலி போய்விடவில்லை. சில நாள் எதைச் செய்தாலும் பலிப்பதில்லை. ஆனாலும் தூக்கம் கொஞ்சம் தூக்கமாக இருக்கிறது. முதல் நாள் கிணற்றடி வரைக்கும்தான் நடந்தேன், உட்கார்ந்துவிட்டேன். பிறகு தினமும் கூடுதலாக ஒரு புளியமரம் தாண்டுவது என்று வைத்துக்கொண்டேன். இப்போது குருபரப்பள்ளிப் பெரிய ரோடு வரைக்கும் போய்வருகிறேன்.

ஆனால் சுவரைப் பிடித்துக்கொண்டு நான் எழுவதைப் போன வாரம் மாமியார் பார்த்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து தன் முழங்கையில் இருந்த பழைய தழும்பைக் காட்டினார். "எனக்கும் போட்டாங்கம்மா, அதோட வலி போயே போச்சு. நீ எம் பொண்ணு மாதிரி, உன்ன வுட்டுருவனா? தளிக்காரரு திங்கக்கெழம வராரு" என்றார். திட்டியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன். பிரியமாகச் சொல்லிவிட்டார், என்ன செய்வது? "வேணாம் அத்தை" என்றேன். "முதல்ல எல்லாரும் அப்பிடித்தான் சொல்வாங்க" என்று சிரித்தார்.

அதே மனுஷர்தான் அக்கா. அதே கம்பியோ என்னவோ. அன்றிலிருந்து எந்த அடுப்பில் கரி கனன்றாலும் மகளை இழுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறேன்.

நேற்று என் வீட்டுக்காரர் மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா சொன்னது, உன் புண், நான் உன் காலைப் பிடித்தது, எல்லாம். "எங்கம்மா பேச்ச எப்பிடி மீறறது?" என்றார். "மீற வேணாம். திங்கக்கெழம காலைல பெரிய ரோட்டுக்கு வாங்க, டாக்டரம்மாகிட்ட நீங்களே கேளுங்க" என்றேன். தீனியைப் போட்டுக்கொண்டே "பாக்கலாம்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வருவாரா? வராவிட்டால், திரும்பி வரும்போது இந்த வீட்டில் எனக்கு என்ன காத்திருக்கும்?

தெரியாது. ஒன்று மட்டும் உனக்குச் சத்தியமாகச் சொல்கிறேன். திங்கட்கிழமை இவர்கள் நெருப்பு மூட்டுவதற்குள் நான் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசிப் புளியமரத்தைத் தாண்டியிருப்பேன். அவர் வந்தால் மூன்று பேராக பஸ் ஏறுவோம், வராவிட்டால் இரண்டு பேர். பயந்துகொண்டேதான் நடப்பேன். படுத்தால்தானே காலைப் பிடிப்பார்கள்? நான் படுக்கமாட்டேன் அக்கா.

இப்படிக்கு,
அன்று உன் காலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த உன் தங்கை,
நாகம்மா