கன்றைக் கட்டிய வீரன்

அன்புள்ள தெய்வாத்தாளுக்கு,

சாமளாபுரத்தில் மழை உண்டா? உன் மூட்டுவலி தேவலையா? டெக்சாசில் நான் நலமே.

ஞாயிறன்று, நான் பாடம் சொல்லித்தரும் தமிழ்ப்பள்ளியை நடத்தும் டேனியல் மாட்டு விளையாட்டுக்கு அழைத்துப்போனார். குதிரையில் வந்த தொப்பிக்காரன் ஓடும் கன்றுக்குச் சுருக்கு வீசி, கீழே தள்ளிக் கால்களைக் கட்டினான். ஊசி போடத்தான் என்று நினைத்து, "டாக்டரைக் காணோமுங்களே?" என்றேன்.

"டாக்டர் எதுக்குங்க? கட்டுனதுக்குத்தான் கைதட்டு!"

பள்ளிக்கு ஓடிவரும் பிள்ளையைத் தடுக்கிவிட்டுப் பரிசு வாங்குவதுபோல! இதற்குப் பெயர் வீரமாம். "அவுத்து உடுறா!" என்று கத்திக்கொண்டே படி இறங்கியதில் கால் லேசாகப் பிசகியது. வீக்கம் வடிந்துவிட்டது. தைலம் மட்டும் அனுப்பு.

பள்ளியில் இன்னும் ஓராண்டு இருக்கச் சொல்லி எனக்கும் அதேபோல் ஒரு தொப்பியைத் தந்திருக்கிறார்கள். மறுக்க வாய் வராமல், "ஊட்டுல கேட்டுச் சொல்றேனுங்க" என்றேன்.

வேண்டாம் என்று உடனே எழுது.

உன்,
மகுடேஸ்வரன்