மூடி திறந்த குவளை

அன்புள்ள கோர்பினியனுக்கு,

முழங்கால் வீக்கம் வடிந்ததா? மியூனிக் பீர்க்கடை வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பத்துக் குவளை பீரை ஒரே நடையில் மேசைக்குக் கொண்டுபோகிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேற்று ஒரு வேடிக்கை. தினமும் வரும் பெரியவர் அலோய்ஸ் தன் குவளையின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். நம்மூர் வழக்கம்தான் இங்கும்: மூடி திறந்திருந்தால் கேட்காமலே ஊற்ற வேண்டும். போதுமென்றால் அவரே மூடிவிடுவார். நான் கவனிக்கவே இல்லை.

"ஏம்மா அஃப்ரா, தொண்டை காஞ்சு நான் செத்தப்புறம்தான் ஊத்துவியா?" என்று கத்தினார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஊற்றினேன். அப்புறம் சமையல்கட்டில் வெங்காயம் நறுக்குகிறவர்கள் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அங்கே யார் கண் சிவந்திருந்தாலும் ஏனென்று கேட்கமாட்டார்கள்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். இன்னொன்று. அடக்கம் முடிந்த அன்று, நம்மூர் பீர்க்கடை அலமாரியிலிருந்து நம் வின்ஸென்ஸின் குவளையை வீட்டுக்குக் கொண்டுவந்து மூடி வைத்தீர்கள். அதைத் திறந்து வையுங்கள். பத்தொன்பது வயதில் நம் பிள்ளை போதுமென்று சொல்லவில்லை.

கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

அஃப்ரா