இன்ஜின் போடாமலே ஆடிய ரம்பம்

மேஸ்திரி மகளே,

சோறு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. சாவி மீட்டர் பெட்டிக்குள். நான் நரம்பு டாக்டரிடம் போகிறேன். லீவு போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடி வராதே.

"நீங்க போடுற ரம்பம் பத்தாதாப்பா, கடையில வேற ஒண்ணு வாங்கணுமா?" என்று நேற்று கேட்டாயே, வாங்கியாகிவிட்டது. கொட்டகையில் இருக்கிறது. மூன்று சைஸில் செயின் ரம்பம் காட்டினார்கள். சின்னது நகம் வெட்டத்தான் லாயக்கு. பெரியதைத் தூக்கியதும் என் முதுகெலும்புகள் ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி அழுதன. நடுத்தரத்தைக் கையில் கொடுத்த கடைக்காரர், "என்ன பெரியவரே, இன்ஜின் போடாமலே ஆடுது?" என்றார். கடையே சிரித்தது. எல்லாரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன்.

நேற்று உன்மேல் எரிந்து விழுந்தது தப்பு. என் கை நடுக்கத்தைப் பற்றி நீ சொன்னதுதான் சரி.

ஆனால் கூரைமேல் சாய்ந்து நிற்கும் அந்தப் பட்டமரம் மழைக்கு முன் இறங்கியாக வேண்டும். அதற்கு நடுத்தரமே போதும். பக்கத்து நிலத்துத் தச்சர் ஞாயிறு காலை வந்து உனக்கு ரம்பம் பிடிக்கக் கற்றுக்கொடுப்பார். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உலகத்துக்கே கேட்கிற மாதிரி அதிகாரம் பண்ணுவேன்.

பி.கு: செயினுக்கு விடும் எண்ணெய் வேறு, பெட்ரோலில் கலப்பது வேறு. மாற்றி ஊற்றிவிடாதே.

இன்னொன்று: கடையில் கல்லாவில் இருந்த பெண்ணுக்கு அச்சு அசல் உன் கை. அவளைப் போட்டுப் பார்க்கச் சொல்லித்தான் கையுறை வாங்கினேன். ஒரு ஜோடிதான் வாங்கினேன்.

அப்பா