மாமா கொடுத்த தம்ளர்

என் ஆசை மாமாவுக்கு,

நேற்று கல்லூரி விடுதியில் உங்கள் படத்தைத் திறந்து வைத்தார்கள். நம் சேரியில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர், அதே கல்லூரியில் ஆசிரியராகி நம் பிள்ளைகளைக் கைதூக்கி விட்டவர் என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். புதிதாகச் சேரும் நம் பிள்ளைகளுக்கெல்லாம் அலுமினியத் தம்ளர் வாங்கிக் கொடுத்த தாராள மனசாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தத் தம்ளர் எதற்கென்று அவர்களுக்குத் தெரியாதா? என் கையில் கொடுத்தபோது நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"மாப்ள, பானை மேல இருக்குற தம்ளரத் தொடாத. ஒன் தம்ளர நீட்டு, ஊத்துவாங்க. நமக்குப் படிப்புதான் முக்கியம்."

தீண்டாமை குற்றமென்று சட்டம் வந்த பிறகும் கொடுத்தீர்களே, மாமா. பிரின்சிபால் சொல்லவில்லை, எந்தப் பையனும் கேட்கவில்லை. அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே எங்களை நீங்களே ஒதுக்கி வைத்தீர்கள். ராத்திரி பகல் பாராமல் எங்களுக்குக் கணக்குச் சொல்லித் தந்ததும் நீங்கள்தான். முழுசாக வெறுக்கவும் முடியவில்லை, அதுதான் என் ஆத்திரம். படிக்கிற காலத்தில் உங்களை எந்தப் பானையடியில் அடித்தார்கள்? ஏன் கடைசிவரை சொல்லவில்லை?

இப்போது நானும் இதே கல்லூரியில் ஆசிரியன், நம் பிள்ளைகளைக் கவனிக்கும் வேலை என் தலையில். இன்று காலை திருமயத்திலிருந்து செல்வி என்ற பெண் பி.யூ.சி. சேர வந்தாள். கூட வந்த அவள் ஆத்தா, "தம்ளர் குடுப்பீங்களாமே சார், குடுத்துருங்க. புள்ள வம்பில்லாமப் படிக்கட்டும்" என்றார். அத்தை கொடுத்தனுப்பிய மிச்சத் தம்ளர்கள் என் மேசைக்கடியில்தான் இருந்தன.

நான் கொடுக்கவில்லை. செல்வியை வராந்தாப் பானைக்கு அழைத்துப் போய், பொதுத் தம்ளரில் மொண்டு குடிக்கச் சொன்னேன். ஆத்தாவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குடித்தாள். தண்ணீர் ஊற்றும் பியூன் பானையைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தார். நீங்கள் பயந்தது பொய்யில்லை மாமா. ஆனால் அந்தப் பயத்தை எங்கள் கையில் ஏன் கொடுத்தீர்கள்?

நாளைக்குப் பானையை நானே நிரப்புவேன். கொட்டினால் மறுபடியும் நிரப்புவேன். உங்கள் தம்ளர்களையும் அதன் பக்கத்திலேயே எல்லோருக்கும் பொதுவாக வைக்கப்போகிறேன். எங்கள் வாய் பட்டதில் குடிக்கப் பிடிக்காதவன் இனி தன் வீட்டிலிருந்து தம்ளர் கொண்டுவரட்டும்.

கோபம் தீராத,
உங்கள் அக்கா மகன்
முத்தையா