ரயில் நம் ஊரில் நின்ற ஒரு நிமிடம்

அக்கா,

இன்று காலை பாசஞ்சரில் என் பக்கத்தில் ஒரு மில் பெண் வந்து உட்கார்ந்தாள். என்னோடு நம் ஊர் ஹால்ட்டில் ஏறியவள். நேற்றைய பஞ்சு அவள் பின்னலுக்குள் இன்னும் ஒட்டியிருந்தது. தேங்காய் எண்ணெயும் மில் பஞ்சும் கலந்த அந்த வாசனை உன் தலையணையில் இருந்த வாசனை. கொஞ்ச நேரத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிப் போனாள். ரயில் நம் ஊரில் நின்றதும், தான் அதில் ஏறியதும் அவளுக்கு ஒரு சேதியே இல்லை. ராஜபாளையம் வரும்வரை தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

எண்பதுகளின் கடைசிவரை ரயில் நம் ஊரைத் தாண்டித்தான் போகும். ஸ்ரீவில்லிபுத்தூரில் நிற்கும், அதை விட்டால் ராஜபாளையத்தில் நிற்கும். நீ இருட்டு பிரியும் முன்னே கண்மாய்க் கரையோடு நடந்து மெயின் ரோட்டுக்குப் போவாய். மில் பெண்கள் கூட்டமாக நிற்பதைப் பார்த்தாலே பஸ்காரர்கள் வேகத்தைக் கூட்டிவிடுவார்கள். "இன்னொரு தடவ லேட்டா வந்தா வேலைக்கு வேற ஆளு பாத்துக்கிடுவேன்" என்று சூப்பர்வைசர் சொன்னதை நீ சிரித்துக்கொண்டேதான் எங்களிடம் சொன்னாய். உன் சம்பளத்தில்தான் நம் வீட்டில் அடுப்பு எரிந்தது. நான் கல்லூரிக்குப் போனதும் அதில்தான்.

பல வருடம் மனுக்கொடுத்த பிறகு ஒரு வழியாகச் சோதனை முறையில் ரயிலை நிறுத்தச் சம்மதித்தார்கள். ஒரே ஒரு நிமிடம். முதல் நாள் நம் ஊர்க்காரர்கள் செய்த காரியம் உனக்கு மறந்திருக்காது. எஞ்சினுக்கு வாழைமரம் கட்டினார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். டிரைவரைக் கீழே இறக்கிச் சந்தனம் பூசி, தலையில் துண்டைக் கட்டி, ரோஸ்மில்க் குடிக்க வைத்து, பெண்கள் குலவை போட்டு முடிப்பதற்குள் எதிர்வண்டி ராஜபாளையத்தில் காத்துக் கிடந்தது. மறுநாள் வந்த அதிகாரி, "ரயில நிறுத்துங்கன்னு கேட்டீங்க, நிறுத்தினோம். நீங்க அதுக்குக் கல்யாணமே பண்ணி வச்சிட்டீங்களே!" என்றார். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகும் தாமதம்தான். பிளாட்பாரம் கிடையாது, சரளைக் கல்லில் நின்று, எட்டாத படியில் கால் வைத்து ஏற வேண்டும். இத்தனைக்கும் பெட்டிகள் பல இருந்தும், நம் பெண்கள் எல்லாரும் ஒரே பெட்டியில், ஒரே வாசலில்தான் ஏறுவார்கள். தனித்தனியாகப் போய் யாரோடு உட்காருவது என்று கேட்பார்கள். அதிகாரி கடைசியாக ஒரு நாளைச் சொன்னார். அன்று தானே கார்டு பெட்டியில் வருவதாகவும், அன்றும் வண்டி தாமதமானால் ஹால்ட் பலகையைப் பிடுங்கிவிடுவதாகவும் எச்சரித்தார்.

நீதான் பெண்களைப் பிரித்தாய். இன்னார் இன்ன பெட்டி என்று தண்டவாளம் ஓரமாகக் கல் வைத்து நிற்கச் சொல்லிப் பழக்கினாய். "ஏட்டி, புருசன் வீட்டுக்குப் போறப்பகூட நான் இம்புட்டு வேகமா ஏறல" என்று முத்தம்மா மதினி மூச்சு வாங்கினாள். "வேல போச்சுன்னா அங்கதான் போய்க் கெடக்கணும் மதினி, ஏறுங்க" என்றாய். எல்லாரையும் ஏற்றிவிட்டுக் கடைசியில் நீ ஏறுவாய்.

அதிகாரி சொன்ன அந்த நாளில்தான் எனக்கு பி.ஏ. இறுதித் தேர்வு. அதில் தேறினால்தான் அந்த வருடமே பி.எட். சேரலாம். "நான் முன்னாடிப் போறேன், ஆளுகள நிப்பாட்டணும். நீ நேரத்தோட வந்திரு" என்று நீ இருட்டிலேயே போய்விட்டாய். இரவெல்லாம் மலையில் மழை. நான் கிளம்பியபோது ஓடை பெருகிப் பாதையை மூடியிருந்தது. கண்மாயைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

கரைமேல் ஏறியபோது ரயில் வந்துகொண்டிருந்தது. வந்து நின்றது. நீ பழக்கியபடியே எல்லா வாசலிலும் ஒரே நேரத்தில் சேலைகள் மேலே ஏறின. தள்ளுமுள்ளு இல்லை, கூச்சல் இல்லை. கார்டு பெட்டியின் அருகில் நீ மட்டும் தரையில் நின்றாய். கார்டு வெளியே எட்டிப் பார்த்தார். சுருட்டிய கொடியை என் பக்கம் நீட்டி உன்னிடம் ஏதோ கேட்டார். நீ திரும்பி என்னைப் பார்த்தாய்.

நீ பார்த்துவிட்டாய் என்றதும் என் கால்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்தன. இனிப் பயமில்லை என்று நினைத்தேன், அக்கா.

நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு அவரிடம் ஏதோ சொன்னாய். பச்சைக் கொடி விரிந்தது. நீ ஏறினாய். நான் சரளையில் கால் வைத்தபோது கடைசிப் பெட்டி போய்க்கொண்டிருந்தது.

பால்காரர் சைக்கிளில் மெயின் ரோடு வரை போய், பஸ் பிடித்து, கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நேரம் கடந்துவிட்டது. ஹாலுக்குள் விடவில்லை. அந்த வருடம் அப்படியே போயிற்று.

சாயங்காலம் ஹால்ட் பக்கம் குலவைச் சத்தம் கேட்டது. அதிகாரி சம்மதித்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன். நீ அந்தக் கூட்டத்தில் நிற்காமல் நேராக வீட்டுக்கு வந்தாய். "திட்டணும்னா திட்டிரு. பேசாம மட்டும் இருக்காத" என்றாய். நான் பேசாமல்தான் இருந்தேன். பல நாள்.

அன்று நீ என்ன சொன்னாய் என்பதை, கடைசிப் பெட்டி வாசலில் நின்ற முத்தம்மா மதினிதான் சொன்னாள். "கார்டு நல்ல மனுசன்ட்டி. 'யாரோ பிள்ள ஓடி வருதே, செத்த நேரம் பாப்பமா'ன்னு கேட்டாரு. பக்கத்துல அந்த ஆபீசரு வாட்சப் பாத்துக்கிட்டு நிக்காரு. ஒங்கக்கா, 'அது எங்க வீட்டுப் பிள்ளதான் சார், நீங்க கொடியக் காட்டுங்க'ன்னுட்டா. பொறவு ராஜபாளையம் வர எடம் கெடந்தும் உக்காரல."

எங்கள் வீட்டுப் பிள்ளை என்றால் விட்டுவிட்டுப் போகலாமா? அந்தக் கேள்வியோடுதான் அந்த வருடம் முழுவதும் உன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஹால்ட் நிரந்தரமான பிறகு ஒரு நாள் நானும் உன்னோடு வந்தேன். பக்கத்து ஊரான மம்சாபுரத்துப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு ஓடி வந்தாள். நீ படியில் தொங்கிக்கொண்டு கார்டைப் பார்த்து, "சார், சார், பச்சப் பிள்ளக்காரி வாரா, ஒரு நிமிசம்!" என்று கத்தினாய். வண்டி நின்றது. அவளைத் தூக்கி ஏற்றிவிட்டு நிமிர்ந்தபோது உன் பார்வை என்மேல் விழுந்தது. நாம் இருவருமே உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம். அன்று எனக்கு வந்த கோபம் தேர்வு போன நாளில்கூட வரவில்லை.

இரண்டு வருடம் முன்பு நீ காய்ச்சலில் படுத்திருந்தபோது திடீரென்று கேட்டாய்: "அன்னைக்கு ஒனக்கு என்ன பரிச்சட்டி?"

"வரலாறு."

"அது எனக்குத் தெரியாது. நீ ஓடியாந்தது மட்டும் கண்ணுலயே நிக்கி."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். உன் நெற்றித் துணியை நனைத்து மாற்றினேன், அவ்வளவுதான். அந்த வாரமே நீ போய்விட்டாய்.

இப்போது நான் ராஜபாளையத்தில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். தினமும் அந்த ஹால்ட்டில்தான் ஏறுகிறேன். ஒரு நாள் தாமதமானாலும் நம் ஊர்ப் பெண்கள், "டீச்சர் வாராக, டீச்சர் வாராக" என்று கார்டிடம் கூவி வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். நன்றி சொல்லி ஏறிக்கொள்கிறேன். என்னை நிறுத்தி ஏற்றிக்கொள்ள ஊரே இருக்கிறது, அக்கா. இவள் எங்கள் வீட்டுப் பிள்ளை என்று சொல்லி என்னை விட்டுவிட்டுப் போகத்தான் இனி ஒருவரும் இல்லை.