எட்டோரே காட்டிய பெனெல்லி

மல்கிரேவ்,
ஞாயிறு பின்னேரம்.

அன்பு மகள் ஜெனோஜாவுக்கு,

மாதாவின் கருணையால் நானும் அம்மாவும் சுகம், நீயும் டார்வின் வெக்கைக்குள் சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். சுகம் கேட்கிற முகம் எனக்கு இல்லைத்தான், ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. நீ என் போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, தம்பி அனோஜுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது.

டாரியோ உனக்கு எல்லாம் சொல்லியிருப்பான், என்றாலும் என் வாயாலும் கேள். நீ அவனைக் கட்டப்போவதாய்ச் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி வேதக்காரனோ, எங்களைப்போல் கத்தோலிக்கனோ என்பது. ஓம் என்றாய். அத்தோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். மன்னாரில் சம்பந்தம் என்றால் பக்கத்து ஊரில் ஒருவரைப் பிடித்து, ஆக்கள் எப்படி, என்ன சாதி என்று காதும் காதும் வைத்தாற்போல் விசாரிப்போமே, அந்தப் புத்தி கடல் தாண்டியும் போகவில்லை. டாரியோவின் சித்தப்பாவோடு ஒரே கார் ரயர்க் கடையில் வேலை செய்கிற சிவசோதி அங்கிளிடம், ஒருக்கா மெல்லமாய் விசாரிச்சுப் பாருங்கோ என்றேன். அந்த மனிதனுக்கு மெல்லமாய் என்றால் என்னவென்றே தெரியாது. சாப்பாட்டு நேரம் எல்லோருக்கும் முன்னால், உங்கட பரம்பரைத் தொழில் என்ன, மேலான ஆக்களோ என்று கேட்டிருக்கிறார். எய்தவன் இருக்க அம்பை நோகக் கூடாது, எய்தவன் நான்.

போன ஞாயிறு டாரியோவின் அப்பா எட்டோரே கிளென் வேவர்லி வீட்டுக்கு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். இந்த விசயம் அவர் காதுக்குப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது, பயற்றம் பணியாரமும் கையுமாய்ச் சிரித்துக்கொண்டு போனேன். என்னைக் கராஜுக்குள் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்திவிட்டு, தன்னுடைய பழைய சிவப்பு பெனெல்லி மோட்டார் சைக்கிளைத் துடைத்துத் துடைத்துக் கதை சொன்னார். அந்தக் கொம்பனியைத் தொடங்கியது ஒரு விதவைத் தாயாம். இத்தாலியில் பெசாரோ என்ற கடற்கரை ஊர், ஆறு ஆண்பிள்ளைகள். அவர்கள் வேலையில்லாமல் அலையக்கூடாது என்று இருந்த காசையெல்லாம் போட்டு ஒரு வாகனம் திருத்துகிற கடை வைத்துக் கொடுத்திருக்கிறா. திருத்தினவர்கள் பிறகு தாங்களே மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கினார்கள். யுத்தத்தில் தொழிற்சாலை அழிந்தது, திரும்பக் கட்டினார்கள். பிறகு சகோதரங்களுக்குள் பிணக்கு, ஒருவர் பிரிந்துபோய் வேறு பெயரில் செய்தாராம், பல வருசம் கழித்து இரண்டும் ஒன்றாகியதாம். இப்போது அது சீனக் கொம்பனியின் கையில். எங்கள் வீட்டுக் கதை மாதிரியே இருக்கிறதே என்று நானும் மண்டையை ஆட்டி ரசித்தேன்.

அப்போதுதான் அவர் துணியை வைத்துவிட்டு, எங்கள் குடும்பத்தை விசாரித்தீர்களாமே என்றார். எங்கள் ஊர் பெசாரோவில் பேர்பெற்ற குடும்பம் இந்த பெனெல்லிக்காரர்தான், ஆனால் நாங்கள் அவர்கள் இல்லை, என் அம்மா வீடு வீடாய் ஊராரின் ஊத்தை உடுப்புத் தோய்த்து என்னை வளர்த்தவ, என்னிடமே கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன் என்றார். கோபமாய்ச் சொல்லவில்லை மகள், அதுதான் என்னைக் கொன்றது. உடுப்புத் தோய்த்தவ என்று கேட்டதும் என் மனம் ஒரு கணம் பின்வாங்கியது. இத்தனை வருசம் பூசைக்குப் போய் என்ன பிரயோசனம். அந்தக் கணத்தை அவர் என் முகத்தில் கண்டுவிட்டார். கண்டும், சரி, இனி உங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று மரியாதையாய்க் கேட்டார். பெருமையாய்ச் சொல்ல எவ்வளவோ வைத்திருந்தவன், என் அம்மாவின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, அவர் வைத்த துணியை எடுத்து மடித்தேன்.

திரும்பி வரும்போது காருக்குள் அம்மா ஒரே ஒரு வசனம்தான் சொன்னா. உங்களுக்கு ஆக்கள் வேணும், எனக்கு என்ர பிள்ளை வேணும் என்றா. நேற்று நான் தனியே போய் எட்டோரேயிடம் மன்னிப்புக் கேட்டேன். கோப்பி ஊற்றித் தந்தார், மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

கல்யாணத்தன்று மாதா கோயிலில் உன்னைக் கைபிடித்துக் கூட்டிப்போக எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். அந்த இடத்தை அம்மாவுக்குக் கொடு, நான் வாய் திறக்கமாட்டேன். கடைசி வரிசை வாங்கில் இருக்க விட்டால் போதும். அதுவும் வேண்டாம் என்றால் வீட்டில் இருந்து செபிப்பேன், அம்மாவை மட்டும் விட்டுவிடாதே.

ஆண்டவர் உங்கள் இருவரையும் ஆசீர்வதிப்பாராக. வெயிலுக்குள் தண்ணீர் குடி. அம்மா கோல் எடுக்கும்போது போனை எடு, நான் பக்கத்தில் இருக்கமாட்டேன்.

உன் அப்பா,
கொட்பிறி